வாக்குச்சீட்டும் வெப்பமடையும் பூமியும்

2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று, கனடாவின் பெரும்பாலான மாநிலங்களில் பெட்ரோல் மீது விதிக்கப்பட்டிருந்த கார்பன் வரி, அதாவது லிட்டருக்கு 17.6 சென்ட், நீக்கப்பட்டது. சமையலுக்கும் குளிர்காயவும் பயன்படும் எரிவாயுவின் மீதான வரியும் அன்றே நின்றது. ஆறு ஆண்டுகளாக நடைமுறையில் இருந்த ஒரு திட்டம் ஒரே நாளில் முடிவுக்கு வந்தது.

இந்த முடிவை எடுத்தவர் யார்? சுற்றுச்சூழலைப் பற்றிக் கவலைப்படாத ஒரு தலைவர் அல்ல. காலநிலை நடவடிக்கைகளுக்கு நிதி திரட்டுவதற்காக ஐ.நா. நிறுவனத்தின் சிறப்புத் தூதராகப் பணியாற்றிய மார்க் கார்னிதான் அவர். 2025 மார்ச் 14 அன்று பிரதமராகப் பொறுப்பேற்ற அதே நாளில், தமது லிபரல் கட்சி கொண்டுவந்த வரியைத் தாமே பூஜ்யமாக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். ஆறு வாரங்கள் கழித்து, ஏப்ரல் 28 அன்று நடந்த பொதுத்தேர்தலில் அவரது கட்சி முதலிடம் பெற்றது.

இதை ஒரு கட்சியின் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. இதற்குள் நம் காலத்தின் பெரிய கேள்வி ஒன்று மறைந்திருக்கிறது. பூமி வெப்பமடைந்து வருகிறது, ஏதாவது செய்தாக வேண்டும் என்று மக்கள் சொல்கிறார்கள். ஆனால், ஏதாவது செய்ய முன்வருகின்ற அரசைத் தேர்தலில் அவர்களே தண்டிப்பது ஏன்? மக்கள் பொய் சொல்கிறார்களா? அல்லது அரசுகள் கேட்கும் விதத்தில் தவறு இருக்கிறதா? தேர்தல்களையும் வாக்காளரின் மனப்போக்கையும் ஆராயும் அரசியல் அறிவியல் அறிஞர்கள் இக்கேள்வியைப் பல ஆண்டுகளாக ஆய்வு செய்து வருகின்றனர். அவர்களுக்குக் கனடா ஒரு திறந்த புத்தகம். அதை நாமும் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

தேர்தலில் தோற்ற பேராசிரியர்

ஸ்டெஃபான் டியோன் கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்தவர். தந்தையும் அரசியல் அறிவியல் பேராசிரியர், மகனும் அதே துறை. மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் கற்பித்துவந்த அவர், 1996இல் நேரடியாக அமைச்சராக அழைக்கப்பட்டார். 2004இல் சுற்றுச்சூழல் அமைச்சரானார். கியோட்டோ ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த 2005ஆம் ஆண்டில், மான்ட்ரியலில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். தம் வீட்டு நாய்க்கே 'கியோட்டோ' என்று பெயர் வைத்தவர் என்றால், அவரது ஈடுபாட்டைப் புரிந்துகொள்ளலாம். 2006 டிசம்பரில் லிபரல் கட்சி அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

2008 ஜூன் மாதத்தில் 'பசுமை மாற்றம்' என்ற திட்டத்தை அவர் வெளியிட்டார். கரியமிலவாயுவை வெளியேற்றும் எரிபொருள்களுக்கு டன்னுக்கு 10 டாலர் வரி, நான்கு ஆண்டுகளில் அது 40 டாலராக உயரும். வசூலாகும் பணம் முழுவதும் வருமான வரிக் குறைப்பாகவும், ஏழைக் குடும்பங்களுக்கு உதவியாகவும் மக்களிடமே திரும்பும். பெட்ரோலுக்கு ஏற்கெனவே லிட்டருக்கு 10 சென்ட் மத்திய வரி இருப்பதால், அதன்மீது கூடுதல் வரி இல்லை. 'நாம் விரும்பாத புகைக்கு வரி போடுவோம், நாம் விரும்புகின்ற உழைப்புக்கு வரியைக் குறைப்போம்' என்பதே திட்டத்தின் சாரம். பொருளாதார அறிஞர்கள் பலர் இதை ஏற்றுக்கொண்டனர்.

வாக்காளர்கள் ஏற்கவில்லை. ஆளுங்கட்சியாக இருந்த கன்சர்வேடிவ் கட்சியினர், இது எல்லாப் பொருள்களுக்கும் போடப்படும் வரி என்று நாடெங்கும் பரப்புரை செய்தனர். ஒரே வாக்கியம், அனைவருக்கும் புரிந்தது. டியோனின் விளக்கத்துக்கோ பல பக்கங்கள் தேவைப்பட்டன. பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட அவர் ஆங்கிலத்தில் தடுமாறியதும் பாதகமாயிற்று. அந்த ஜூலையில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. செப்டம்பரில் அமெரிக்க வங்கிகள் சரிந்தன. வேலை போய்விடுமோ என்று அஞ்சிக்கொண்டிருந்த மக்களிடம், பெட்ரோலுக்குப் புதிய வரி இல்லை என்று அவர் சொன்னதுகூடச் சென்று சேரவில்லை. அக்டோபர் 14 அன்று நடந்த தேர்தலில் லிபரல் கட்சி 77 இடங்களையும், ஏறத்தாழ 26 விழுக்காடு வாக்குகளையும் மட்டுமே பெற்றது. அதுவரை அக்கட்சி கண்டிராத குறைந்த வாக்கு விகிதம் அது.

அதே ஆண்டு, அதே வரி, வேறு முடிவு

இந்த ஒரு தோல்வியை மட்டும் பார்த்தால், 'கார்பன் வரி என்று சொன்னாலே தோல்விதான்' என்று எண்ணத் தோன்றும். ஆனால் அதே 2008 ஜூலை முதல் நாளில், பசிபிக் கடலோர மாநிலமான பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஏறக்குறைய இதே வரி நடைமுறைக்கு வந்தது. கொண்டுவந்தவர், வணிகர்களுக்கு நெருக்கமானவராகக் கருதப்பட்ட முதல்வர் கார்டன் கேம்பல். டன்னுக்கு 10 டாலரில் தொடங்கி, 2012க்குள் 30 டாலர் என்பது திட்டம். வரி தொடங்குவதற்கு முன்பே ஒவ்வொரு குடிமகனுக்கும் 100 டாலர் வழங்கப்பட்டது. வருமான வரியும் குறைக்கப்பட்டது.

அங்கும் எதிர்ப்பு எழுந்தது. அதுவும் இடதுசாரிகளிடமிருந்து! தொழிலாளர் நலன் பேசும் புதிய சனநாயகக் கட்சி, 'வரியை வெட்டி எறிவோம்' என்ற முழக்கத்தோடு 2009 மே மாதத் தேர்தலைச் சந்தித்தது. கேம்பல் மூன்றாம் முறையாக வெற்றி பெற்றார். பிற்காலத்தில் அதே எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்தபோது வரியை நீக்கவில்லை, உயர்த்தவே செய்தது.

அப்படியானால் வேறுபாடு எங்கே? டியோன் எதிர்க்கட்சியிலிருந்து ஒரு வாக்குறுதியை முன்வைத்தார். வாக்குறுதியைப் பற்றி எவரும் எதையும் சொல்லி அச்சமூட்டலாம், ஏனெனில் அதை இன்னும் யாரும் அனுபவித்துப் பார்க்கவில்லை. கேம்பல் ஆட்சியில் இருந்துகொண்டு செய்து காட்டினார். தேர்தல் வந்தபோது வரி வந்து ஏறத்தாழ ஓராண்டு ஆகியிருந்தது. வானம் இடிந்து விழவில்லை என்பதை மக்கள் கண்டிருந்தனர்.

இன்னொன்றும் உண்டு. மாநிலத்தின் வட பகுதியில் வாழ்ந்தோர், 'எங்களுக்குப் பேருந்து இல்லை, குளிரும் அதிகம், நகரத்தாரைப் போல எங்களையும் நடத்துவது நியாயமா?' என்று கேட்டனர். அக்குரலை அரசு செவிமடுத்து, வடபகுதி மற்றும் கிராமப்புற வீட்டு உரிமையாளர்களுக்கு ஆண்டுக்கு 200 டாலர் வரை சலுகை அறிவித்தது. தொகை சிறியதுதான். ஆனால், 'நாங்கள் சொன்னது கேட்கப்பட்டது' என்ற உணர்வு சிறியதல்ல.

கண்ணில் பட்ட வரி, கண்ணில் படாத பணம்

பத்தாண்டு கழித்து நாடு முழுவதுக்குமான முயற்சி வந்தது. ஜஸ்டின் ட்ரூடோவின் அரசு 2018இல் சட்டம் இயற்றி, 2019 ஏப்ரலில் தனக்கெனத் திட்டம் வைத்திராத மாநிலங்களில் டன்னுக்கு 20 டாலர் வரியைத் தொடங்கியது. எரிபொருள் வரியில் கிடைத்த வருவாயில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடும்பங்களுக்கே திருப்பித் தரப்பட்டது. ஒன்டாரியோவில் நால்வர் கொண்ட குடும்பத்துக்கு முதலாண்டில் 307 டாலர் என்றிருந்தது, 2024-25இல் 1,120 டாலராக உயர்ந்தது. டொரான்டோவிலும் அதன் புறநகர்களிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களின் வங்கிக் கணக்குகளிலும் இந்தப் பணம் வந்து சேர்ந்திருக்கும். எரிபொருளுக்குக் கட்டும் வரியை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், பெரும்பாலான குடும்பங்கள், குறிப்பாக எளியவை, கொடுத்ததைவிட அதிகமாகவே பெற்றன என்று நாடாளுமன்றத்தின் நிதிநிலை அலுவலர் கணக்கிட்டுக் காட்டினார். பொருளாதாரத்தின் மீதான மற்ற விளைவுகளைப் பற்றி மட்டுமே கருத்து வேறுபாடு நிலவியது.

பணம் திரும்ப வருகிறது என்றால் மக்கள் மகிழ வேண்டும் அல்லவா? இங்கேதான் ஆய்வாளர்களின் கண்டுபிடிப்பு நம்மை நிறுத்திச் சிந்திக்க வைக்கிறது. மட்டோ மில்டன்பெர்கர், கேத்ரின் ஹாரிசன் உள்ளிட்ட நான்கு அரசியல் அறிவியல் அறிஞர்கள் கனடாவிலும் சுவிட்சர்லாந்திலும் ஆய்வு நடத்தி, 2022இல் முடிவுகளை வெளியிட்டனர். கனடாவில் வரி வருவதற்கு முன்பும், வந்த பின்பும், அதே மக்களிடம் ஐந்து முறை கேட்டறிந்தனர். பலருக்குத் தாங்கள் பணம் பெறுவதே தெரியவில்லை. தெரிந்தவர்களும் உண்மைத் தொகையைவிட மிகக் குறைவாகவே சொன்னார்கள். பணத்தைத் திருப்பித் தருவதால் வரிக்கு ஆதரவு கூடியது என்பதற்குச் சான்று மிகச் சொற்பமாகவே கிடைத்தது.

காரணங்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பெட்ரோல் நிலையத்தின் விலைப் பலகை சாலையில் போகும் எல்லார் கண்ணிலும் தினமும் படுகிறது. திரும்பி வரும் பணமோ, தொடக்கத்தில் வருமான வரிப் படிவத்தின் ஒரு வரிக்குள் ஒளிந்திருந்தது. 2022 ஜூலையிலிருந்துதான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரடியாக வங்கிக்கு வந்தது. அப்போதும் அது எதற்கான பணம் என்பது பலருக்கு விளங்கவில்லை. எல்லாருக்கும் புரியும் ஒரு பெயரை அரசு சூட்டியது 2024இல்தான். அதற்குள் காலம் கடந்துவிட்டது. சுவிட்சர்லாந்திலும் இதே கதைதான். அங்கே பணம் மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்தில் கழிக்கப்படுவதால், கழிவு என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

எதிர்த்தவர்கள் இதை நன்கு புரிந்துவைத்திருந்தனர். ஒன்டாரியோ மாநில அரசு 2019இல் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, எல்லாப் பெட்ரோல் பம்புகளிலும் வரியின் சுமையைக் காட்டும் ஒட்டுச்சீட்டை ஒட்ட வேண்டும் என்று கட்டளையிட்டது. லிட்டருக்கு எத்தனை சென்ட் கூடுகிறது என்பது அதில் இருந்தது. திரும்பி வரும் பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை! 2020இல் நீதிமன்றம் அச்சட்டம் கருத்துரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. சொன்னது பொய்யல்ல, ஆனால் பாதி உண்மை. பாதி உண்மை சில வேளைகளில் முழுப்பொய்யைவிட வலிமையாக வேலை செய்கிறது.

பின்னர் அரசே தன் காலில் கோடரியைப் போட்டுக்கொண்டது. கொரோனாவுக்குப் பிந்தைய விலைவாசி உயர்வு 2022 ஜூனில் 8.1 விழுக்காட்டைத் தொட்டு மக்களை வாட்டிக்கொண்டிருந்தது. 2023 அக்டோபரில் வீடுகளைச் சூடேற்றும் எண்ணெய்க்கு மட்டும் மூன்றாண்டு வரிவிலக்கு அறிவித்தது அரசு. அந்த எண்ணெயை அதிகம் பயன்படுத்துபவர்கள் அட்லாண்டிக் கடலோர மாநிலத்தவர்கள். எரிவாயுவைப் பயன்படுத்தும் மேற்கு மாநிலத்தவர்கள், 'அவர்களுக்கு மட்டும் ஏன்?' என்று கேட்டனர். நியாயமான கேள்வி அது. எல்லாருக்கும் பொது என்று சொல்லப்பட்ட சுமை, வாக்குக் கணக்குக்கு ஏற்பத் தளர்த்தப்படுகிறது என்ற எண்ணம் வேரூன்றியது. அன்றைக்கே அந்த வரியின் ஆயுள் எண்ணப்பட்டுவிட்டது என்று சொன்னால் மிகையாகாது. 2025 ஏப்ரலில் முன்னோடி மாநிலமான பிரிட்டிஷ் கொலம்பியாவும் பொதுமக்களுக்கான தன் வரியை நீக்கியது.

காற்றாலையும் கிராமத்து வாக்கும்

வரி என்றால்தான் எதிர்ப்பு, மற்றபடி எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம். ஒன்டாரியோவில் 2009இல் பசுமை எரிசக்திச் சட்டம் வந்தது. காற்றாலைகள் எங்கே அமையலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் உள்ளாட்சிகளிடமிருந்து மாநில அரசுக்கு மாற்றப்பட்டது. 2011 தேர்தலில் ஆளுங்கட்சி ஓரிடத்தில் பெரும்பான்மையை இழந்தது.

லியா ஸ்டோக்ஸ் என்ற அரசியல் அறிவியல் அறிஞர் வாக்குச்சாவடி வாரியாக முடிவுகளை ஆராய்ந்து, 2016இல் கட்டுரை வெளியிட்டார். காற்றாலை வந்த அல்லது வரவிருந்த இடங்களில் ஆளுங்கட்சியின் வாக்கு 4 முதல் 10 விழுக்காடு வரை சரிந்திருந்தது. அந்தத் தாக்கம் மூன்று கிலோமீட்டர் தொலைவு வரை தெரிந்தது. இந்த வாக்காளர்கள் கண்மூடித்தனமாக நடந்துகொள்ளவில்லை. எந்த அரசு இதற்குப் பொறுப்போ, அந்த அரசை மட்டுமே தண்டித்தார்கள். ஊராருக்கு வாயுண்டு, ஆனால் கேட்பார் இல்லை என்ற நிலையில், வாக்குச்சீட்டே அவர்களின் வாயாயிற்று.

இதிலுள்ள அநீதியின் இரு பக்கங்களையும் நாம் பார்க்க வேண்டும். காற்றாலையால் பயனடைபவர்கள் மாநிலம் முழுவதும் பரவியிருக்கிறார்கள், அவர்களில் ஒருவரும் அதற்காக நன்றியோடு வாக்களிப்பதில்லை. பாதிக்கப்பட்டதாக உணர்பவர்கள் ஓரிடத்தில் திரண்டிருக்கிறார்கள், மறப்பதில்லை. நன்மை நாளைக்கு, எல்லாருக்கும், கண்ணுக்குத் தெரியாமல். சுமை இன்றைக்கு, எனக்கு, கண்ணெதிரே. காலநிலைக் கொள்கைகள் தேர்தலில் தடுக்கி விழுவதன் அடிப்படைக் காரணம் இதுவே.

வாக்கில்லாதவர்கள்

அரசுகள் தேர்தல் நலனை எண்ணி, மக்களின் நுகர்வைத் தொடும் நடவடிக்கைகளை எடுக்கத் தயங்குகின்றன என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' திருமடலில் கவலை தெரிவித்திருக்கிறார். உடனடிப் பயனை மட்டும் தேடும் அரசியல், தொலைநோக்குள்ள திட்டங்களைப் புறந்தள்ளுகிறது என்பதே அவரது கருத்து. கனடாவின் கதை அவரது கவலைக்கு நல்ல சான்று. அதே வேளையில், தவறு முழுவதையும் வாக்காளர் மீதோ, முழுவதையும் தலைவர்கள் மீதோ சுமத்திவிட முடியாது என்பதையும் அது காட்டுகிறது.

2060இல் வாழப்போகும் குழந்தைக்கு இன்று வாக்கு இல்லை. கடல்மட்டம் உயர்வதால் நிலம் இழக்கும் தீவுவாசிக்குக் கனடாவின் தேர்தலில் வாக்கு இல்லை. காட்டுத்தீயில் கருகும் மரத்துக்கும் பறவைக்கும் வாக்கு இல்லை. 2023ஆம் ஆண்டில் கனடா அதுவரை பதிவானவற்றிலேயே மிக மோசமான காட்டுத்தீயைச் சந்தித்தது, 1 கோடியே 50 இலட்சம் எக்டேருக்கு மேல் எரிந்தது. அந்த இலையுதிர்காலத்தில்தான் அரசு தன் வரியில் அந்த எண்ணெய் விலக்கை அறிவித்தது என்பதை எண்ணிப் பார்த்தால் நெஞ்சம் கனக்கிறது. வாக்கில்லாதவர்கள் சார்பாக வாக்களிக்க வேண்டியவர்கள் வாக்குள்ளவர்கள்தானே!

ஆனால் அதே மூச்சில் இன்னொருவரையும் நினைக்க வேண்டும். பேருந்தே இல்லாத ஊரில், பனிக்காலத்தில், பழைய காரில் வேலைக்குப் போகும் ஒரு தாய்க்கு வாக்கு உண்டு, மாற்று வழி இல்லை. அவரிடம் பூமியைக் காப்பாற்றுங்கள் என்று சொல்லும் முன், அவரது வாசலுக்கு ஒரு பேருந்தை அனுப்பியிருக்க வேண்டும். ஏழையின் அழுகுரலையும் பூமியின் அழுகுரலையும் பிரித்துக் கேட்பவர்கள் இரண்டையுமே இழந்துவிடுகிறார்கள்.

என்ன செய்யலாம்?

சுவிட்சர்லாந்து மக்கள் 2021 ஜூனில், எரிபொருள் மற்றும் விமானப் பயணக் கட்டணங்களை உயர்த்தும் காலநிலைச் சட்டத்தை 51.6 விழுக்காடு வாக்குகளால் நிராகரித்தனர். இரண்டே ஆண்டுகளில், 2023 ஜூனில், நிகர உமிழ்வை 2050க்குள் பூஜ்யமாக்கும் சட்டத்தை 59.1 விழுக்காடு வாக்குகளால் ஏற்றனர். இரண்டாம் சட்டத்தில் புதிய வரி இல்லை. பழைய எண்ணெய், எரிவாயு அடுப்புகளால் வீட்டைச் சூடேற்றுவோர் மாறிக்கொள்ள நிதியுதவி இருந்தது. அதே மக்கள்தாம். கேட்கப்பட்ட விதம் வேறு. அரசின் கருவூலத்திலிருந்து வரும் உதவியும் மக்களின் பணம்தான் என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும் தண்டிக்கப்படுகிறோம் என்ற உணர்வுக்கும், கைகொடுக்கப்படுகிறோம் என்ற உணர்வுக்கும் எவ்வளவு தூரம் என்பதை இது காட்டுகிறது.

இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் பாடங்கள் மூன்று.

முதலாவது, உண்மையை முழுமையாகச் சொல்ல வேண்டும். சுமை உண்டு என்றால் உண்டு என்று தலைவர்கள் சொல்லட்டும். திருப்பித் தருவதையும் மக்கள் கண்ணால் காணும்படி தரட்டும். மறைவாகச் செய்த நன்மையை வாக்காளர் அறிய வழியில்லை.

இரண்டாவது, சுமை எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ஒருவருக்கு விலக்கு, மற்றவருக்கு இல்லை என்றால், திட்டம் எவ்வளவு நல்லதாயினும் நிலைக்காது. வசதியில்லாதவரின் தனி நிலைமையைக் கருதுவது நீதி. வாக்கு வங்கியைக் கருதுவது வேறு.

மூன்றாவது, முடிவெடுக்கும் முன் பாதிக்கப்படுபவர்களைக் கேட்க வேண்டும். ஒன்டாரியோவின் கிராமங்கள் கேட்டது அதைத்தான். கேட்டிருந்தால் எல்லாரும் ஒத்துக்கொண்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால், கேட்காமல் விட்டதன் விலை என்னவென்று நமக்குத் தெரியும்.

இவை ஆள்வோருக்கான பாடங்கள். வாக்களிப்போராகிய நமக்கும் ஒன்று உண்டு. விலைப் பலகையைப் பார்க்கும் அதே கண்ணால் மழை பொய்த்த ஆண்டையும், வெள்ளம் புகுந்த வீட்டையும் பார்க்கப் பழக வேண்டும். ஒரே வரியில் அச்சமூட்டும் முழக்கம் காதில் விழும்போது, மறுபாதி உண்மை எங்கே என்று கேட்கப் பழக வேண்டும். எந்த நாட்டில் வாழ்ந்தாலும், எந்தக் கட்சிக்கு வாக்களித்தாலும், 'இந்தத் திட்டத்தால் எனக்கு என்ன கிடைக்கும்?' என்ற கேள்வியோடு, 'எனக்குப் பின் வருபவர்களுக்கு என்ன மிஞ்சும்?' என்ற கேள்வியையும் வாக்குச்சாவடிக்குள் எடுத்துச் செல்ல வேண்டும்.

ஒரு வரி வரும், போகும். அதைவிடச் சிறந்த வழிகள் நாளை கண்டுபிடிக்கப்படலாம். ஆனால் ஆள்வோர் மீது மக்கள் வைக்கும் நம்பிக்கை ஒருமுறை உடைந்தால், எந்த வழியும் பயன்படாது. அந்த நம்பிக்கையைக் கட்டியெழுப்புவது அவர்கள் பொறுப்பு. பிள்ளைகளின் பெயரால் அதைக் கேட்டு வாங்குவது நம் பொறுப்பு. செய்ய முன்வருவோமா?